செகிரோவா, எல்டன் ரிங்கா? கை வராதவன் எதை வாங்குவது

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சித்தி பையனிடமிருந்து வாய்ஸ் மெசேஜ். "அண்ணா, ஸ்டீம்ல சேல் போட்டிருக்கான். ஒரு கேமுக்குத்தான் காசு இருக்கு. செகிரோ வாங்கட்டுமா, எல்டன் ரிங் வாங்கட்டுமா? எனக்குக் கை அவ்வளவா வராதுன்னு உனக்கே தெரியும். ஆனா பொறுமை நிறைய இருக்கு. பொறுமையை மட்டும் வெச்சு எதை முடிக்கலாம், அதைச் சொல்லு."

பல் தேய்த்துக்கொண்டே "எல்டன் ரிங் வாங்குடா, கை வரலைன்னா லெவல் ஏத்திக்கலாம்" என்று பதில் போட்டுவிட்டேன். யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். செகிரோ திறமைசாலிக்கு, எல்டன் ரிங் பொறுமைசாலிக்கு. அன்று ராத்திரி படுத்த பிறகுதான் உறைத்தது. எனக்கும்தான் கை வராது, நானும்தான் இரண்டையும் முடித்திருக்கிறேன், இரண்டில் எது சுலபமாக முடிந்தது என்று யோசித்தால் காலையில் சொன்ன பதில் என் அனுபவத்துக்கே நேர்மாறாக இருந்தது. அதனால் இது அவனுக்கான நீளமான பதில். அவனை மாதிரியே "என்னிடம் திறமை இல்லை, பொறுமை இருக்கிறது" என்று நம்பிக்கொண்டு இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறவர்கள் யாராவது இருந்தால் அவர்களுக்கும்.

அவனைப் பற்றி ஒரு வரி சொல்லிவிடுகிறேன். 2020 செப்டம்பரில் பப்ஜி தடையானபோது வீட்டில் துக்கம் அனுசரித்தவன். அடுத்த வருடம் ஜூலையில் அதன் இந்தியப் பதிப்பான பிஜிஎம்ஐ வந்ததும் உயிர் வந்தவன். அதில் அவனுடைய உத்தி என்னவென்றால், இறங்கியதும் ஒரு புதருக்குள் படுத்துக்கொள்வது, கடைசி வட்டம் வரை யாரையும் சுடாமல் கிடப்பது. அப்படியே முதல் பத்துக்குள் வந்துவிடுவான். பொறுமை என்று அவன் சொல்வது இதைத்தான். சரி, இது செல்லுமா செல்லாதா என்று பார்ப்போம்.

இரண்டு விளையாட்டையும் செய்தது டோக்கியோவில் இருக்கும் ஃப்ரம்சாஃப்ட்வேர்தான். இரண்டிலும் இயக்குநர் பொறுப்பில் இருந்தவர் ஹிடெடாகா மியாசாகி. செகிரோ 2019 மார்ச்சில் வந்தது, எல்டன் ரிங் 2022 பிப்ரவரியில். அந்தந்த வருடத்தின் கேம் அவார்ட்ஸில் இரண்டுமே பெரிய விருதை வாங்கின. இரண்டிலும் சாவோம், நிறையச் சாவோம். வெளியிலிருந்து பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரிதான் தெரியும். ஆனால் இத்தனை தடவை செத்துச் செத்து நாம் சேர்ப்பது எங்கே போய்ச் சேர்கிறது என்று பார்த்தால் இரண்டுக்கும் ஒட்டே இல்லை. எல்டன் ரிங்கில் அது ஆட்டத்தைச் சேமித்து வைக்கும் ஸேவ் ஃபைலில் சேர்கிறது. செகிரோவில் நம் கட்டைவிரலில் சேர்கிறது.

எல்டன் ரிங்கை முதலில் எடுத்துக்கொள்கிறேன். எதைக் கொன்றாலும் ரூன் என்று ஒரு காசு கிடைக்கும், அதைக் கொடுத்து லெவல் வாங்கலாம், லெவல் ஏற ஏற உயிர், அடி, தாக்குப்பிடிக்கும் சக்தி எல்லாம் ஏறும். விளையாட்டு தொடங்கி வெளிச்சத்துக்கு வந்தவுடனே எதிரில் தங்கக் கவசம் போட்ட ஒரு குதிரைவீரன் உலாத்திக்கொண்டிருப்பான். ட்ரீ சென்டினல். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் இவனிடம் போய் இரண்டே அடியில் சாவார்கள். இவனை அங்கே நிறுத்தி வைத்ததே ஒரு பாடம்தான்: இப்போது முடியாது, சுற்றிப் போ, வளர்ந்துவிட்டு வா. அடுத்தது கோட்டை வாசலில் மார்கிட். அவனிடமும் அதே கதை. முடியவில்லையா, தெற்கே வீப்பிங் பெனின்சுலா பக்கம் போய்ச் சில குகைகளைத் துழாவி, ஆயுதத்தைத் தீட்டும் கற்களைப் பொறுக்கி, பத்து லெவல் ஏற்றிக்கொண்டு வந்தால், நேற்று மலை மாதிரி தெரிந்தவன் இன்று கொஞ்சம் உயரமான ஆள், அவ்வளவுதான். உன் கை நேற்று எப்படி இருந்ததோ இன்றும் அப்படியேதான் இருக்கிறது. மாறியது கணக்கு.

இந்தக் கணக்கை வெறும் பொறுமையாக்கி வைத்திருக்கும் இடம் ஒன்று உண்டு, தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். மோக்வின் அரண்மனைக்குப் போகும் வழியில் ஒரு மேட்டில் நின்றால் பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் ராட்சதப் பறவை ஒன்று நிற்கும். இங்கிருந்து ஒரு அம்பு விட்டால் அது கோபத்தில் நம்மை நோக்கி ஓடிவந்து பள்ளத்தில் விழுந்து சாகும். சுமார் 11,000 ரூன். ஓய்வெடுத்துவிட்டு எழுந்தால் பறவை மறுபடி அதே இடத்தில். அம்பு, ஓட்டம், விழுதல், 11,000. நூறாவது லெவல் வாக்கில் ஆறு பறவைக்கு ஒரு லெவல் என்று கணக்கு வரும். நான் ஒரு சனிக்கிழமை மதியம் கிரிக்கெட் மேட்சை டிவியில் ஓடவிட்டுக்கொண்டு இரண்டு மணி நேரம் இதைச் செய்தேன். திரையைப் பார்க்கக்கூட இல்லை. விக்கெட் விழுந்ததும் நிமிர்ந்து பார்ப்பேன், பறவையும் விழுந்திருக்கும். இதற்கு என்ன திறமை வேண்டும்? ஒன்றும் வேண்டாம். தம்பி புதருக்குள் படுத்துக் கிடக்கும் அதே பொறுமை போதும்.

ஆனால் இங்கே ஒரு பிடி இருக்கிறது, லெவல் ஏற்றிக்கொள்ளச் சொல்கிறவர்கள் அதைச் சொல்வதில்லை. விகர் என்ற கட்டத்தில் எவ்வளவு போடுகிறோமோ அவ்வளவு உயிர். அது 25 ஆக இருக்கும்போது உயிர் 800, 40ல் 1,450, 60ல் 1,900. நன்றாகத்தான் ஏறுகிறது. அதற்கு மேல் 99 வரை இழுத்துக்கொண்டு போனால் 2,100. அதாவது கடைசி 39 லெவலுக்கு வெறும் 200. வங்கியில் வட்டி குறைகிற மாதிரி, பொறுமைக்குக் கிடைக்கும் கூலி குறைந்துகொண்டே வருகிறது. இதை யாரும் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை, மலேனியாவிடம் போனால் தானாகத் தெரியும்.

மலேனியா கட்டாயமில்லாத பாஸ், அதாவது பெரிய எதிரி, வேண்டாம் என்றால் விட்டுவிட்டுப் போகலாம், யாரும் விடுவதில்லை. அவள் நம்மை அடிக்கும் ஒவ்வொரு அடிக்கும் அவளுடைய உயிர் கூடும், கேடயத்தால் தடுத்தாலும் கூடும். பாதுகாப்பாகப் பின்னால் நின்று மெல்ல மெல்லக் கொத்தலாம் என்று போகிறவனுடைய வயிற்றில் அடிக்கிற ஏற்பாடு இது. போதாததற்கு, எழும்பி ஒரு நொடி அந்தரத்தில் நின்று, பிறகு சரசரவென்று வெட்டிக்கொண்டு வரும் அந்த வாட்டர்ஃபௌல் டான்ஸ். பறவை சுட்டுச் சேர்த்த லெவலெல்லாம் அதில் ஒரே மூச்சில் போய்விடும். அங்கேதான் எனக்கு இரண்டு வழி இருந்தது. ஒன்று, மிமிக் டியர் என்ற ஆவியை வரவழைப்பது, அது நம்மைப் போலவே ஒரு நகல், அவள் அதைத் துரத்தும்போது நாம் முதுகில் அடிக்கலாம். இன்னொன்று, அந்த நடனத்தில் எந்த வெட்டுக்கு எந்தப் பக்கம் உருள வேண்டும் என்று உட்கார்ந்து கற்பது. நான் முதல் வழியில் போனேன். கொன்றேன். வெட்கமெல்லாம் இல்லை, விளையாட்டே கொடுத்த வழிதான். ஆனால் இப்போது போய் ஆவி இல்லாமல் நில் என்றால் என்னால் முடியாது. 90 மணி நேரம் ஆடியிருக்கிறேன், அவளைப் பற்றி எனக்கு இன்னும் ஒன்றும் தெரியாது.

அதே மலேனியாவைத்தான் 2022ல் ஒரு ஆள் தலையில் பானையைக் கவிழ்த்துக்கொண்டு, உடம்பில் கோவணம் மாதிரி ஒரு துணியோடு, இரண்டு கத்தியை வைத்துக்கொண்டு, கூப்பிட்டவர்களுக்கெல்லாம் போய்த் தனியாகக் கொன்று கொடுத்தார். லெட் மீ சோலோ ஹெர் என்பது அவர் வைத்துக்கொண்ட பெயர், "நானே தனியாகப் பார்த்துக்கொள்கிறேன்" என்று அர்த்தம். அந்த வருடத்திலேயே ஆயிரம் தடவையைத் தாண்டினார். விளையாட்டை வெளியிட்ட கம்பெனி அவருக்கு நிஜ வாள் ஒன்றை அனுப்பி வைத்தது. இவரைத் திறமைசாலி என்போமா, பொறுமைசாலி என்போமா? ஒரே பெண்ணிடம் ஆயிரம் தடவை சண்டை போடுகிறவனுக்குப் பொறுமை இல்லை என்று எப்படிச் சொல்வது. ஆனால் அவர் பொறுமை பறவை சுடுகிற பொறுமை இல்லை.

இனி செகிரோ. இதில் லெவலே கிடையாது. ஏற்றலாம் என்று எதையாவது தேடிக்கொண்டு வந்தால் ஏமாற்றம்தான். சின்ன பாஸ்களைக் கொன்றால் ஜெபமணி கிடைக்கும், நாலு சேர்ந்தால் உயிர் கொஞ்சம் கூடும். பெரிய பாஸைக் கொன்றால் அடியின் பலம் ஒரு படி கூடும். அதாவது வளர்ச்சி வேண்டுமென்றால் முன்னால் நிற்கிறவனைக் கொன்றே ஆகவேண்டும், பறவையெல்லாம் இல்லை. அதனால் அஷினா கோட்டை உச்சியில் கெனிச்சிரோ என்ற பாஸ் முன்னால் போய் நிற்கும்போது, நீயும் நானும் யூடியூப்பில் ஆடுகிற வித்தகனும் ஏறக்குறைய ஒரே பலத்தில்தான் நிற்போம். கூட்டாளியைக் கூப்பிட முடியாது. ஆவி இல்லை. சுலபமாக்கும் பொத்தான் இல்லை. வந்த புதிதில் அது ஏன் இல்லை என்று உலகமே சண்டை போட்டது.

சண்டை நடக்கும் விதம் இப்படி. எதிரிக்கு உயிர் என்று ஒரு கோடு, எவ்வளவு நிலைகுலைந்திருக்கிறான் என்று காட்டும் போஸ்சர் என்று ஒரு கோடு. அவன் அடி நம்மேல் விழும் அந்தக் கணத்தில் சரியாகக் கன்ட்ரோலரில் எல்1 பொத்தானை அழுத்தினால் கத்தியும் கத்தியும் உரசி ஒரு பொறி பறக்கும், கணீர் என்று சத்தம் வரும், அவன் போஸ்சர் கோடு கொஞ்சம் நிரம்பும். முழுதாக நிரம்பினால் ஒரே குத்து, முடிந்தது. நான் முதல் வாரம் என்ன செய்தேன் என்றால், கணம் எதுவென்று தெரியாததால் எல்1ஐத் தட்டிக்கொண்டே இருந்தேன், பத்தில் ஒன்றாவது படாதா என்று. அது படாது. அடுத்தடுத்துத் தட்டினால் தடுக்கக் கிடைக்கும் நேரம் சுருங்கிக்கொண்டே போகும்படி அமைத்து வைத்திருக்கிறார்கள். எண்ணிக்கையால் ஜெயிக்க நினைப்பவனைக் குறிவைத்து அடிக்கிற விதி.

கெனிச்சிரோவிடம் எத்தனை தடவை செத்தேன் என்று பக்கத்தில் இருந்த கரண்ட் பில்லின் பின்பக்கத்தில் கோடு போட்டுக்கொண்டே வந்தேன். 41 வரை கோடு இருக்கிறது. ராத்திரி பத்தரை மணிக்கு இந்தக் கணீர் கணீர் சத்தம் கேட்டு அம்மா உள்ளேயிருந்து "யாருடா இந்நேரத்துல பாத்திரம் உருட்டறது" என்று கேட்டதுண்டு. இருபதாவது கோடு வரை எல்லாச் சாவும் ஒரே சாவுதான், பார்க்காமலே செத்தது. மறுபடி எழுந்து, மறுபடி ஓடி, அதே இடத்தில் அதே அடி. அன்றைக்கு அதைப் பொறுமை என்றுதான் நினைத்தேன். இப்போது யோசித்தால் பூட்டிய கதவைத் தோளால் இடித்துக்கொண்டிருந்திருக்கிறேன், சாவி எந்த ஜேபியில் இருக்கிறதென்று தடவிக்கூடப் பார்க்கவில்லை.

திருப்பம் எங்கே வந்தது என்றால், தங்கை ஊரிலிருந்து வந்திருந்தாள். அவளுக்கும் கேமுக்கும் சம்பந்தமே இல்லை. எட்டு வருடம் மிருதங்கம் கற்றவள். சோபாவில் கொய்யாப்பழம் தின்றுகொண்டு கொஞ்ச நேரம் பார்த்தாள், பார்த்தாள் என்றுகூடச் சொல்ல முடியாது, பாதி நேரம் போனில்தான் இருந்தாள். திடீரென்று, "அண்ணா, அவன் வரிசையா அடிச்சுட்டு வரும்போது நடுவுல ஒரு இடத்துல நிறுத்தறான். நீ அந்த இடைவெளியிலயும் தட்டிடற" என்றாள். நான் அவன் வாளையே பார்த்துக்கொண்டிருந்தேன், அவள் சத்தத்தை மட்டும் கேட்டிருக்கிறாள். வேண்டுமென்றே கண்ணைத் திரையின் மூலைக்குத் திருப்பிவிட்டு காதால் ஆடிப் பார்த்தேன். கிணிங் கிணிங், ஒரு இடம் விட்டு, கிணிங். மூன்றாவது தடவையிலேயே அந்த வரிசை முழுதும் தடுக்க வந்தது. அவள் தொடையில் தாளம் போட்டுக் காட்டினாள், நான் கன்ட்ரோலரில் போட்டேன். இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை.

அதற்கு அடுத்த நாள் இன்னொன்று செய்தேன், இதை மட்டும் யாருக்கும் தயங்காமல் சொல்வேன். அடிப்பதையே விட்டுவிட்டேன். ஒரு மணி நேரம் முழுக்க, ஜெயிப்பது என்ற எண்ணமே இல்லாமல், அவன் அடிப்பதைத் தடுப்பது மட்டும். சாவும்போது எந்த அடியில் செத்தேன் என்று வாயால் சொல்லிக்கொள்வது: குத்து, வீச்சு, அம்பு. சிவப்பாக ஒரு ஜப்பானிய எழுத்து மின்னினால் தடுக்க முடியாத அடி வருகிறது என்று அர்த்தம். அது குத்தாக இருந்தால் பின்னால் ஓடக்கூடாது, அவனை நோக்கியே ஒரு அடி வைத்தால் நம் கால் அவன் வாளை மிதித்துவிடும். காலை வாரும் வீச்சாக இருந்தால் குதிக்க வேண்டும். படித்தபோது நாலே விதி, கையில் இறங்க ஒரு வாரம். உயிர் நிறைய இருக்கும்போது எதிரியின் போஸ்சர் சீக்கிரம் வடிந்துவிடும் என்பதால் நடுநடுவே அடித்துக் கொஞ்சம் உயிரைக் குறைத்தாக வேண்டும் என்பதும் அந்த ஒரு மணி நேரத்தில்தான் புரிந்தது, நான் அடிக்காமல் இருந்ததால். அந்த வெள்ளிக்கிழமை அவன் விழுந்தான். மூன்றாவது கட்டத்தில் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு மின்னலை எறிவான், பார்க்கத்தான் பயங்கரம், குதித்து அந்தரத்திலேயே அதை வாங்கி, கால் தரையில் படுமுன் அடித்தால் அவனுக்கே திரும்பிப் போய்விடும். அந்தக் கட்டம்தான் எனக்கு இருப்பதிலேயே சுலபமாக இருந்தது.

இப்போது தம்பியின் கேள்விக்கு வருகிறேன். எல்டன் ரிங்கில் திறமையும் பொறுமையும் மாற்று நாணயம், ஒன்று இல்லாவிட்டால் இன்னொன்றைக் கொடுத்துச் சமாளிக்கலாம். ரெச் என்று ஒரு பாத்திரம் இருக்கிறது, ஒன்றாவது லெவலில் கையில் ஒரு தடியோடு தொடங்கும், அதைக் கடைசி வரை லெவல் ஏற்றாமலே முடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். என்னைப் போல் பறவை சுட்டு முடித்தவர்களும் இருக்கிறோம். இரண்டு பேருக்கும் ஒரே முடிவுக் காட்சிதான் ஓடும். செகிரோவில் அந்தச் சில்லறை மாற்றும் கடை இல்லை. பொறுமையைக் கொண்டுபோய்த் திறமையாக்கித்தான் செலவழிக்க முடியும். கேட்டால் இது பயமாக இருக்கிறது, கை வராதவனுக்கு இது சரிப்படாது என்று தோன்றுகிறது. ஆனால் என்னைப் பொறுத்தவரை கை வராதவனுக்கு இதுதான் சரி. ஏனென்றால் இது ஒரே ஒரு திறமையைத்தான் கேட்கிறது, முதல் மணியிலிருந்து கடைசி மணி வரை அதையே கேட்கிறது. ஒரு வாள், ஒரு தடுப்பு, அந்த நாலு விதி. எந்த ஆயுதம், எந்த மந்திரம், எந்தக் கட்டத்தில் எத்தனை புள்ளி என்று மண்டை காய வேண்டியதில்லை. கெனிச்சிரோவிடம் கற்றதை வைத்துக் கடைசி பாஸ் இஷ்ஷின் வரை போகலாம். நான் இஷ்ஷினிடம் 41 கோடு போடவில்லை, 17தான்.

டெட்ரிஸ் ஞாபகம் வருகிறது. 1989ல் நின்டென்டோவுக்கு வந்த டெட்ரிஸில் 29வது லெவலில் கட்டைகள் விழும் வேகத்துக்குப் பொத்தானை அழுத்திப் பிடித்தால் ஓரத்துக்குக்கூடப் போய்ச் சேராது, அதனால் அதோடு விளையாட்டு முடிந்தது என்றே ரொம்ப காலம் நம்பிக்கொண்டிருந்தார்கள். அப்புறம் கன்ட்ரோலரின் பின்பக்கத்தை மற்ற விரல்களால் மத்தளம் மாதிரி உருட்டித் தட்டி, முன்னால் இருக்கும் கட்டைவிரலில் பொத்தான் வந்து மோதும்படி செய்கிற ஒரு வித்தை கண்டுபிடிக்கப்பட்டது. 2023 டிசம்பரில் அமெரிக்காவில் 13 வயதுப் பையன் ஒருவன் 157வது லெவல் வரை போய் விளையாட்டையே உறைந்து நிற்க வைத்தான், அதுவரை மனிதர் யாரும் அதைச் செய்ததில்லை. முப்பது வருடம் பழைய முறையிலேயே பொறுமையாக அழுத்திக்கொண்டிருந்தவர்கள் 157க்குப் போகவில்லை. யாரோ பிடியை மாற்றிப் பார்த்ததால் போனது. செகிரோவில் எனக்கு நடந்ததும் சின்ன அளவில் அதுதான், என் வீட்டில் பிடியை மாற்றச் சொன்னது கொய்யாப்பழம் தின்றுகொண்டிருந்தவள்.

சரி, வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டிய மற்ற விஷயங்கள். தம்பிக்கு வேலை முடிந்து வீட்டுக்கு வரவே எட்டரை. ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் கிடைத்தால் பெரிது. செகிரோ கதையை முடிக்க முப்பது மணி நேரம் வைத்துக்கொள்ளலாம், எல்டன் ரிங்குக்கு அறுபதுக்குக் குறையாது, என்னை மாதிரி ஒவ்வொரு குகையிலும் தலையை விடுகிறவனுக்கு நூறை நெருங்கும். அதாவது ஒன்று ஒரு மாதம், இன்னொன்று இரண்டிலிருந்து மூன்று மாதம். எல்டன் ரிங்கில் ஒரு மணி நேரத்தில் பாதி நேரம் குதிரையில் போவதிலேயே கழிந்துவிடும், அது பெரும் சுகம்தான், இல்லையென்று சொல்லவில்லை, மழையில் அந்தச் சமவெளியில் சும்மா போவதற்காகவே சில நாள் திறந்திருக்கிறேன். ஆனால் இரண்டு வாரம் ஆடாமல் விட்டுத் திரும்பிவந்தால் எங்கே போய்க்கொண்டிருந்தோம், யார் எதைக் கொண்டுவரச் சொன்னார்கள், ஒன்றும் நினைவிருக்காது. பாத்திரம் பலமாகத்தான் இருக்கும், ஆடுகிறவன்தான் தொலைந்திருப்பான். செகிரோவில் நேர்மாறு. முதல் பத்து நிமிடம் விரல் தடுமாறும், பாழடைந்த கோயிலில் ஹன்பேய் என்று சாகவே முடியாத ஆள் ஒருவன் பயிற்சிக்கென்றே இருப்பான், அவனிடம் கொஞ்ச நேரம் அடித்துப் பார்த்தால் எல்லாம் திரும்பி வந்துவிடும், சைக்கிள் மாதிரி. முடித்த பாஸ்களிடமே மறுபடி சண்டை போட்டுப் பழகும் வசதியையும் 2020 அக்டோபரில் இலவசமாகச் சேர்த்துவிட்டார்கள்.

இன்னொன்று, வீட்டோடு இருக்கிறவர்களுக்கு இது உயிர்நாடி: செகிரோவை நடுவில் நிறுத்தி வைக்கலாம். எல்டன் ரிங்கில் நெட்டை அணைத்துவிட்டுத் தனியாக ஆடினாலும் நிறுத்தி வைக்க முடியாது. மெனுவுக்குள் மெனு போய் ஒரு விளக்கக் குறிப்பைத் திறந்து வைத்தால் நிற்கும் என்று ஒரு குறுக்கு வழி இருக்கிறது, ஆனால் சித்தி "டேய், கேஸ்காரன் வந்திருக்கான் பாரு" என்று கத்தும்போது யாருக்கு அது ஞாபகம் வரும்.

எல்டன் ரிங்தான் வாங்க வேண்டும் என்று நான் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். ஒரே எதிரியிடம் பத்து தடவை தோற்றால் அன்றைய சோறு இறங்காதவர்கள். முட்டிக்கொண்டால் வேறு பக்கம் போகவேண்டும் என்று நினைப்பவர்கள். கூட ஆட நண்பன் இருக்கிறவர்கள், ஏனென்றால் அதில் கூப்பிடலாம், செகிரோவில் நீ மட்டும்தான். புதிது புதிதாக ஒரு இடத்தைப் பார்ப்பதுதான் விளையாட்டு என்று இருப்பவர்களுக்கு இரண்டில் எது என்ற கேள்வியே இல்லை. பிஜிஎம்ஐ புதர்ப் பொறுமை அங்கே நன்றாகவே செல்லும், மலேனியா வரைக்கும் செல்லும், அவளை விட்டுவிட்டுப் போகும் மனசிருந்தால் கடைசி வரைக்குமே செல்லும். செகிரோவில் புதர் உதவாது. மறைந்திருந்து பின்னால் போய்க் குத்தலாம், சின்ன ஆட்களுக்கு அது சரி, பாஸ் முன்னால் போனால் புதர் இல்லை.

இவ்வளவையும் எழுதி அவனுக்கு அனுப்பலாம் என்று இருந்தபோது போன் வந்தது. என் காலைப் பதிலை நம்பி அவன் அன்றைக்கே எல்டன் ரிங் வாங்கிவிட்டானாம். அவனுடைய லேப்டாப்பில் ரேம் 8 ஜிபி. எல்டன் ரிங்குக்குக் குறைந்தபட்சமே 12 ஜிபி வேண்டும், அதோடு டிஸ்கில் 60 ஜிபி இடம். ட்ரீ சென்டினல் குதிரையில் வருவது போட்டோ போட்டோவாக வந்திருக்கிறது. செகிரோ 4 ஜிபி ரேமில், 25 ஜிபி இடத்தில் ஓடிவிடும், பழைய கிராஃபிக்ஸ் கார்டு போதும். இதை நான் முதல் வரியிலேயே கேட்டிருக்க வேண்டும், கேட்காமல் திறமை, பொறுமை என்று இரண்டாயிரம் வார்த்தை எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன். நல்லவேளை, வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் ஸ்டீமில் காசு திரும்பக் கிடைக்கும். ஒரு மணி நாற்பது நிமிடத்தில் நிறுத்தியிருக்கிறான். காசு வந்ததும் செகிரோ.

நேற்று ராத்திரி மறுபடி வாய்ஸ் மெசேஜ். "அண்ணா, சங்கிலியில கட்டின பூதம் ஒண்ணு இருக்குல்ல, தூக்கித் தூக்கி எறியறான். பதினாலு தடவை ஆச்சு. பொறுமையாத்தான் போறேன்."

அந்தச் சிவப்புக் கண் ஆசாமிக்கு நெருப்பென்றால் பயம். அதற்கு முன்னாலேயே வழியில் ஒரு வீட்டுக்குள் கிழவி ஒருத்தி மணி ஒன்றைக் கொடுப்பாள், அதைக் கோயிலில் இருக்கும் புத்தர் முன்னால் வைத்தால் பழைய காலத்து ஹிராத்தா மாளிகைக்குப் போகலாம், நெருப்புக் கக்கும் கருவி அங்கே தீமூட்டம் பக்கத்தில் கிடக்கும். இதெல்லாம் டைப் பண்ணினேன். அனுப்பும் முன் முக்கால்வாசியை அழித்துவிட்டேன். "கிழவி கிட்ட பேசினியா?" என்று மட்டும் கேட்டேன்.

"எந்தக் கிழவி?" என்று பதில் வந்திருக்கிறது.